இறங்கவும் முடிகிற பஸ் வேண்டும்: கடலோரத் தடங்களுக்கு அட்டவணை போடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலோரத் தடங்களுக்கு நேர அட்டவணை போடும் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. ஆனால் உங்கள் வேலையை நிறையத் தடவை நின்று படித்திருக்கிறேன். உப்புக்காற்றில் வெளுத்துப்போன ஒரு தகரப் பலகை, அதில் நான்கைந்து நேரங்கள், பக்கத்தில் சின்னச் சின்னக் குறிகள். ஆள் நடமாட்டம் குறைந்த கரைகளில் பஸ்ஸில் போய்வருவது எனக்குப் பல வருடப் பழக்கம். ஒரு பக்கம் மலைச்சரிவோ மணல்மேடோ இருக்கும். மறுபக்கம் கடல். நடுவே ஒற்றைச் சாலை. அதில் மூன்று மணி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்து போவதைப்போல எனக்கு மனசு நிறைகிற விஷயம் அதிகம் இல்லை. பத்துப் பேர்கூட ஏறாத தடத்தையும் விடாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கு முதலில் என் நன்றி.

கேட்க வந்தது ஒன்றே ஒன்று. உங்கள் பஸ்ஸில் ஏற முடிகிறது. வழியில் இறங்கத்தான் முடியவில்லை.

கதவு திறக்கும், இறங்கலாம், சரி. இறங்கினால் திரும்பிப் போக அன்றைக்கு இன்னொரு பஸ் இல்லை. அதனால் கலங்கரை விளக்கமும், சின்னத் துறைமுகமும், பறவைகள் அடையும் பாறையும் ஜன்னல் வழியாகவே வந்து ஜன்னல் வழியாகவே போய்விடுகின்றன. என்னைப்போல் ஊர் பார்க்க வந்தவருக்கு இது ஏமாற்றம், அவ்வளவுதான். அந்தக் கரையிலேயே குடியிருப்பவருக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை. இரண்டும் ஒரே குறையிலிருந்து வருகின்றன என்பதைத்தான் இந்த மடலில் சொல்லப் பார்க்கிறேன்.

ஒருமுறை, சுற்றுலாப் பருவம் முடிந்த பிறகு, ஒரு கரைத் தடத்தில் நடுவழியில் இறங்கினேன். பலகையில் மாலை 4.10க்குத் திரும்பும் பஸ் போட்டிருந்தது. மேட்டில் ஏறி, கடலைப் பார்த்து, நிதானமாக நாலு மணிக்கு வந்து நின்றேன். நாலரை ஆயிற்று, ஐந்தாகப் போயிற்று. கையில் மருந்துப் பையோடு ஒரு வயதான அம்மா வந்து உட்கார்ந்தார். இன்றைக்கு அந்த பஸ் வராது என்றார். நேரத்துக்குப் பக்கத்தில் இருந்த குட்டி எழுத்தைக் காட்டினார். பள்ளி நாட்களில் மட்டும் என்று அதற்குப் பொருளாம். அந்த விளக்கம் பலகையில் இல்லை. கிழிந்துபோன இரண்டாவது தாளில் இருந்திருக்கிறது. அவர் மீன் லாரிக்காகக் காத்திருந்தார். மருத்துவரைப் பார்ப்பதைப் பள்ளி இருக்கும் நாளாகப் பார்த்துத்தான் வைத்துக்கொள்வது வழக்கம் என்றும், இந்த வலி அதுவரை பொறுக்கவில்லை என்றும் சொன்னார். இருட்டிய பிறகு லாரி வந்தது, இருவரையும் ஏற்றிக்கொண்டது. எனக்கு அது ஒரு நாள் அலைச்சல். அவருக்கு அது எல்லா விடுமுறையிலும் நடப்பது.

அன்றிலிருந்து எந்தக் கடலோர அட்டவணையைப் பார்த்தாலும் நான் தேடுவது ஒன்றைத்தான்: நடுவில் இருக்கும் நிறுத்தத்தில் இறங்குகிறவர் அன்றைக்கே வீடு திரும்ப முடியுமா?

உங்கள் பக்கத்துச் சிரமமும் எனக்குப் புரிகிறது. கடலோரத் தடம் மற்றத் தடங்களைப்போல் இல்லை. உள்நாட்டுச் சாலைக்கு இரண்டு பக்கமும் ஊர் இருக்கும். கடலோரச் சாலைக்கு ஒரு பக்கம் மீன்தான் இருக்கிறது. ஆள் வரக்கூடிய நிலம் பாதியாகிவிடுகிறது. சாலை ஒவ்வொரு முனையையும் ஒவ்வொரு குடாவையும் சுற்றிக்கொண்டு போவதால், எதிரே கண்ணுக்குத் தெரிகிற ஊருக்கே அரை மணி நேரம் ஆகும். மாற்றுச் சாலையும் கிடையாது. மண் சரிந்தால் தடமே நின்றுவிடும். கலிஃபோர்னியாவின் பிக் சர் கரையில் 2017 மே மாதம் மட் க்ரீக் என்ற இடத்தில் மலையே சரிந்து சாலைக்கு மேல் கடலுக்குள் போனது. அந்த இடத்தில் சாலை மறுபடி திறக்க 2018 ஜூலை ஆனது. 1937ல் திறந்த சாலை அது, அதற்கு முன்னும் பின்னும் பலமுறை சரிந்திருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் பஸ் ஓட்டுவது லேசான காரியம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆனால் இந்தச் சிரமத்தை எல்லாம் கணக்குப் பார்க்கிற விதத்தில்தான் தவறு நடக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை பயணிகள் என்று வகுத்துப் பார்த்தால் கடலோரத் தடம் எப்போதும் பட்டியலின் கடைசியில்தான் நிற்கும். உடனே ஒரு நடையைக் குறைப்பீர்கள். இரண்டு நடை ஒன்றானதும், அன்றைக்கே திரும்ப வேண்டியவர்கள் எல்லாரும் கழன்றுகொள்வார்கள். கார் வாங்க முடிந்தவர் கார் வாங்குவார், முடியாதவர் பயணத்தையே விட்டுவிடுவார். அடுத்த வருடம் எண்ணிக்கை இன்னும் இறங்கியிருக்கும். அதைக் காட்டி வாரத்தில் மூன்று நாள் ஆக்குவீர்கள். பஸ் நடை கூடக்கூடக் காத்திருப்பு குறைந்து ஒவ்வொரு பயணிக்கும் பயணம் மலிவாகிறது என்று ஹெர்பர்ட் மோரிங் என்ற பொருளியலாளர் 1972லேயே கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் எடுத்துக்கொண்டது நகரத்துப் பஸ்களை. கடலோரத்தில் அதே கணக்கு தலைகீழாகவும் ஓடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒரு நடைக்கும் இரண்டு நடைக்கும் உள்ள தூரத்தை ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். நகரத்திலிருந்து கடைசி ஊர் வரை 120 கிலோமீட்டர், மூன்று மணி நேர ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பஸ் காலை 7 மணிக்கு நகரத்தில் கிளம்பி, 10 மணிக்குக் கடைசி ஊரைத் தொட்டு, 10.30க்குத் திரும்புகிறது. அட்டவணையில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், போக ஒன்று, வர ஒன்று. ஆனால் கடைசி ஊர்க்காரர் நகரத்துக்கு வந்து சேர்வது பகல் 1.30. வீடு திரும்ப அடுத்த நாள் காலை 7 மணி பஸ்தான். ஒரு கண் பரிசோதனைக்கு ஒரு ராத்திரி தங்க வேண்டும். நகரத்திலிருந்து போகிறவருக்கோ, கடைசி ஊரில் கிடைப்பது அரை மணி நேரம். இந்த பஸ் உண்மையில் ஒருவருக்கும் உதவவில்லை, போனது வந்தது என்று பதிவேட்டில் எழுத உதவுகிறது.

இப்போது இரண்டு பஸ்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று நகரத்தில் இரவு நிற்கட்டும், இன்னொன்று கடைசி ஊரில் நைட் ஹால்ட் போடட்டும். இரண்டும் காலை 7 மணிக்கு எதிரெதிராகக் கிளம்பி, மறுமுனையில் நின்று, பிற்பகல் 3 மணிக்குத் திரும்பட்டும். கடைசி ஊர்க்காரருக்கு நகரத்தில் ஐந்து மணி நேரம் கிடைக்கிறது, மருத்துவமனைக்கும் வங்கிக்கும் போதும். நடுவில் இருக்கிற நிறுத்தத்தில் காலை 8.30க்கு இரு திசையிலும் பஸ், மாலை 4.30க்கு இரு திசையிலும் பஸ். அங்கே இறங்குகிறவருக்கு ஒரு முழுப் பகல் இருக்கிறது. உள்ளூர் அம்மாவுக்கும் எனக்கும் ஒரே அட்டவணை பொருந்துகிறது. யாருக்காக ஓட்டுவது, ஊர்க்காரருக்கா சுற்றுலாப் பயணிக்கா என்று கூட்டங்களில் பேசுவீர்கள் போலும். இப்படிப் போட்டால் அந்தக் கேள்வியே எழாது.

செலவு கூடும், மறைக்கவில்லை. ஒரு வண்டி இரண்டாகிறது, ஓட்டுநரும் இரண்டாகிறார்கள். நடுப்பகலில் ஐந்து மணி நேரம் வண்டி சும்மா நிற்கிறது என்ற ஆட்சேபமும் வரும். அந்த நேரத்தில் பக்கத்து ஊர்களுக்கு ஒரு குறுநடை விடலாம். கடைசி ஊரிலேயே குடியிருக்கும் ஒருவரை ஓட்டுநராக எடுத்தால், நைட் ஹால்ட் அவருக்கு வீட்டுத் தூக்கம், பகலில் அவர் மறுமுனையில் ஓய்வெடுக்க ஒரு அறை மட்டும் வேண்டும். வண்டி பெரிதாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. சின்ன வண்டி, வளைவுகளில் எதிரே வருபவருக்கு வழிவிடவும் சுலபம்.

வண்டியில் ஆள் மட்டும்தான் போக வேண்டுமா என்றும் யோசியுங்கள். பிரிட்டனில் 1967லிருந்து 2017 வரை ஐம்பது வருடம் தபால் வண்டியே பயணிகளையும் ஏற்றிக்கொண்டு ஓடியது. கடிதம் எப்படியும் அந்தக் கோடி வீட்டுக்குப் போயாக வேண்டும், போகிற வண்டியில் நாலு இருக்கை போட்டார்கள். ஸ்காட்லாந்தின் ஆள் குறைந்த கரைகளில் பல ஊர்களுக்கு வேறு பஸ்ஸே இருந்ததில்லை. ஸ்காண்டிநேவிய நாடுகளின் வடக்குப் பகுதிகளில் முன்பாதியில் பயணிகளும் பின்பாதியில் சரக்குமாகப் போகும் பஸ்கள் ஓடின. மருந்து, பார்சல், பள்ளிக்கூடத்துப் புத்தகம், பழுதுபார்க்க அனுப்பும் மோட்டார் என்று ஏதாவது ஒன்று தினமும் அந்தச் சாலையில் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதைச் சுமக்கிற காசில் ஒரு பங்காவது இரண்டாவது நடைக்கு வரட்டுமே.

ஊர்க்காரரும் வெளியூர்க்காரரும் ஒரே வண்டியில் போவது நடக்காத காரியம் என்பவர்களுக்கு வேல்ஸின் பெம்ப்ரோக்‌ஷையரைக் காட்டுவேன். அங்கே 186 மைல் நீளக் கரையோர நடைபாதை 1970ல் திறக்கப்பட்டது. அதையொட்டிச் சின்ன பஸ்கள் ஓடுகின்றன. பஃபின் ஷட்டில், பாப்பிட் ராக்கெட் என்று குழந்தைக்கு வைப்பதுபோலப் பெயர் வைத்திருக்கிறார்கள், அதனாலேயே மறப்பதில்லை. நிறுத்தம் இல்லாத இடத்திலும் பத்திரமான இடமாக இருந்தால் கை காட்டினால் நிற்கும். நடக்க வருகிறவர்கள் காலையில் பஸ் பிடித்துப் பன்னிரண்டு மைல் தள்ளி இறங்கி, கடலோரமாகவே தங்கள் இருப்பிடத்துக்கு நடந்து வருவார்கள். முதலில் பஸ், பிறகு நடை என்பது அங்கே பழகியவர்கள் சொல்லும் புத்தி. வேகமாக நடந்து கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே என்ற பதற்றம் அதில் இல்லை. அதே வண்டியில்தான் பக்கத்து ஊரில் சாமான் வாங்கப் போகிறவரும் வருகிறார்.

இன்னொரு இடமும் நினைவுக்கு வருகிறது, எழுதாமல் விட மனசில்லை. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் லிண்டிஸ்ஃபார்ன் என்ற தீவு. அதற்குப் போகும் சாலை நாளுக்கு இரண்டு தடவை கடலுக்குள் மூழ்கும். அந்த பஸ்ஸின் நேரம் ஓதத்தைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறுகிறது. இன்றைக்கு ஒரு நேரம், அடுத்த வாரம் வேறு நேரம். கடல் சொல்கிறபடி அட்டவணை போட ஒரு அலுவலகத்தால் முடிகிறது என்றால், பள்ளி விடுமுறையிலும் ஒரு பஸ் விட உங்களால் முடியும் என்று நான் நம்புகிறேன்.

கடல் அடித்துப் போன பிறகு மறுபடி எழுந்த தடமும் உண்டு. ஜப்பானின் சன்ரிக்கு கரையை 2011ல் ஆழிப்பேரலை அடித்தபோது கெசென்னுமா, ஓஃபுனாத்தோ ரயில் தடங்கள் பல இடங்களில் அப்படியே அடித்துப் போயின. ஊர்கள் காலியாகிக்கொண்டிருந்த கரை அது. அங்கே 2012லும் 2013லும் பஸ்ஸை ஓட்டத் தொடங்கினார்கள். தண்டவாளம் இருந்த மேட்டையே படிப்படியாகப் பஸ்ஸுக்கு மட்டுமான சாலையாக மாற்றினார்கள். சுரங்கத்துக்குள்ளும் பாலத்தின் மேலும் இப்போது பஸ் போகிறது. ரயிலுக்கு பதில் பஸ் வந்ததில் வருத்தப்பட்டவர்களும் இருக்கிறார்கள், அந்த வருத்தம் நியாயமானதுதான். ஆனால் ஊர் புது இடத்துக்கு மாறியபோது நிறுத்தத்தையும் கூடவே நகர்த்த முடிந்தது. தண்டவாளத்தால் அது அவ்வளவு சுலபத்தில் முடியாது.

இனி சில சின்ன விஷயங்கள். சின்னவைதான், ஆனால் நின்று காத்திருப்பவருக்குப் பெரியவை.

நிழற்குடை. எல்லா இடத்துக்கும் ஒரே அச்சில் வார்த்து வைக்கிறீர்கள், மூன்று பக்கம் அடைத்து, சாலைப் பக்கம் திறந்து. கடலோரச் சாலையின் நிலப்பக்கத்தில் அதை வைத்தால் திறந்த வாய் நேராகக் கடலைப் பார்க்கும். காற்றும் மழையும் நேரே உள்ளே வரும், பெஞ்சு நனைந்தே கிடக்கும், ஆட்கள் நிழற்குடைக்குப் பின்னால் போய் ஒண்டி நிற்பார்கள். அப்புறம் பஸ் வருவது அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் நிற்பது ஓட்டுநருக்கும் தெரியாது. அந்தப் பக்கத்து நிழற்குடைக்கு முன்னால் பாதிச் சுவர் ஒன்றும், பக்கவாட்டில் பஸ் வரும் திசையைப் பார்த்து ஒரு கண்ணாடி ஜன்னலும் போதும். இரும்பு ஆணி வேண்டாம், இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடித்துப் பலகை விழுந்துவிடுகிறது.

எந்தப் பக்கம் உட்கார்ந்தால் கடல் தெரியும் என்று பலகையில் ஒரு வரி எழுதுங்கள். இதற்கு ஒரு காசு செலவில்லை. இடப்பக்கமாக ஓட்டும் நாடுகளில் கடல் இடக்கைப் பக்கம் வருகிற திசையில் போனால் பஸ் கடலையொட்டிய ஓரத்திலேயே போகும், நடுவில் எதிர்வண்டி மறைக்காது. ஆஸ்திரேலியாவின் கிரேட் ஓஷன் சாலையில் மேற்கு நோக்கிப் போகும்போது அப்படித்தான். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் 1919லிருந்து 1932 வரை, போரில் இறந்த தங்கள் தோழர்களின் நினைவாக வெட்டிய சாலை அது. வலப்பக்கமாக ஓட்டும் அமெரிக்காவின் மேற்குக் கரையில் தெற்கு நோக்கிப் போனால் அதே சுகம். திசையைத் தேர்ந்தெடுக்க முடிகிறவருக்கு இது தெரிந்திருந்தால் அந்த நாள் முழுக்க மாறிவிடும். கூடவே, கடற்பக்க நிறுத்தத்தில் இறங்கியவர் சாலையைக் கடக்கிற இடம் வளைவுக்குப் பின்னால் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசி இருக்கிறதே என்பீர்கள். பஸ் நேரங்களை வரைபடச் செயலிகள் படிக்கிற பொதுவான கோப்பு வடிவம் முதன்முதலில் 2005ல் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று உலகம் முழுக்க அதுதான் புழங்குகிறது. விடுமுறை நாள், விசேஷ நாள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அதில் குறிக்க இடம் இருக்கிறது. அதைத் தயவுசெய்து நிரப்புங்கள். நிரப்பாமல் விட்டால், இல்லாத பஸ்ஸைச் செயலி இருப்பதாகக் காட்டும். அதேசமயம் குன்றுக்குப் பின்னால் இருக்கும் குடாவில் சிக்னல் கிடைக்காது. அதனால் தாளும் வேண்டும். அந்தத் தாளில் குறிகளுக்குப் பதிலாக வார்த்தைகள் வேண்டும். பள்ளி நாளில் மட்டும் என்றால் அதையே நேரத்துக்குக் கீழே எழுதுங்கள். கடைசி பஸ் எது என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

கடைசி பஸ்ஸைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. குளிர்காலத்தில் சீக்கிரம் இருட்டிவிடும் கரைகளில் கோடைக்காலத்து நேரத்தையே ஓட்டினால், விளக்கில்லாத சாலையில் ஆள் நிற்பது ஓட்டுநர் கண்ணில் படாது. கடைசி நடையை இருட்டுக்கு முன்னால் கொண்டுவாருங்கள், அல்லது நிறுத்தத்தில் ஒரு சின்னச் சூரிய விளக்கு வையுங்கள். இணைப்பு பஸ்ஸோ படகோ தாமதமானால் கடைசி நடை எத்தனை நிமிடம் காத்திருக்கும் என்று எழுதியே வையுங்கள். நல்ல ஓட்டுநர்கள் இன்றைக்கும் தாங்களாகவே காத்திருக்கிறார்கள். பிறகு தாமதத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுக்கிறார்கள். அவர்களுடைய நல்ல மனசை விதியாக மாற்ற உங்களால் முடியும்.

இவ்வளவையும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. ஒரு தடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையிலிருந்தும் காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று, வாரம் ஏழு நாளும், பள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும். இரண்டு வருடம் விடாமல் ஓட்டிப் பாருங்கள். இரண்டு வருடம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. பஸ் இருக்கிறது என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் ஒருவர் அதை வைத்து வேலைக்குச் சேர்வார், மருத்துவரிடம் தேதி வாங்குவார். ஆறு மாதத்தில் எண்ணிப் பார்த்து நிறுத்திவிட்டால், நம்பியவர்களைத்தான் அது முதலில் தண்டிக்கும். எண்ணும்போது ஏறியவர்களை மட்டும் எண்ணாமல், அன்றைக்கே திரும்பியவர்கள் எத்தனை பேர் என்றும் ஒரு பத்தி சேருங்கள்.

அட்டவணையில் கையெழுத்துப் போடுவதற்கு முன், காற்றடிக்கிற ஒரு மாதத்தில், பள்ளி விடுமுறை நாளாகப் பார்த்து, உங்களில் ஒருவர் காலை பஸ்ஸில் போய் நடு நிறுத்தத்தில் இறங்குங்கள். அலுவலக வண்டி பின்னால் வர வேண்டாம். அன்று மாலை வீடு திரும்பிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தடங்களில் கடற்பக்க ஜன்னலில் உட்காரும் ஒரு பயணி